கல்கி கோய்ச்லின்

கல்கி கோய்ச்லின் (பிறப்பு: 1984 சனவரி 10) புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சு நடிகை, நாடக ஆசிரியர். பெரும்பாலும் இந்தித் திரைப்படங்களில் நடிப்பவர். 2009இல் வெளிவந்த 'தேவ் டி' படத்தின் மூலம் அறிமுகமானார். 'மார்கரீட்டா வித் எ ஸ்ட்ரா' படத்துக்காகத் தேசியத் திரைப்பட விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருதைப் பெற்றார். பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்றாலும் ஆரோவில்லிலும் உதகமண்டலத்தை அடுத்த கல்லட்டியிலும் வளர்ந்ததால், ஆங்கிலத்துடனும் பிரெஞ்சுடனும் தமிழும் அவருக்குச் சிறுவயது மொழி. இந்தியைப் பிறகுதான் கற்றார். ஆயினும் அவர் புகழ்பெற்றது இந்தியில். தமிழ்த் திரையுலகம் அவரை அழைத்தபோது முதல் படம் வந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

தமிழ் வாசகருக்குக் 'கல்கி' என்றதும் 'பொன்னியின் செல்வன்' ஆசிரியரும் அவர் நடத்திய இதழும்தான் நினைவுக்கு வரும். இவருடைய பெயரோ திருமாலின் பத்தாவது அவதாரத்தின் பெயர். குடும்பப் பெயரைத் தமிழ் நாளிதழ்கள் எழுத்துக்கூட்டி 'கோய்ச்லின்', 'கோச்லின்' என்று பலவாறாக எழுதுகின்றன. பிரெஞ்சு ஒலிப்பில் அது ஏறத்தாழ 'கேக்லான்' என்று வரும்.

பிறப்பும் பின்புலமும்

தந்தை ஜோயல் கோய்ச்லின், தாய் பிரான்சுவாஸ் அர்மாண்டி. பிரான்சின் மேற்கிலுள்ள ஆஞ்சே நகரத்தைச் சேர்ந்த இவர்கள் ஸ்ரீ அரவிந்தரின் மீது கொண்ட பற்றினால் இந்தியாவுக்கு வந்தவர்கள்.

ஜோயலின் முன்னோர்களுள் ஒருவர் மோரிஸ் கோய்ச்லின் (1856–1946). ஈபெல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர், நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்குள் நிற்கும் இரும்புச் சட்டகத்தின் கட்டமைப்பு வேலையில் முக்கியப் பங்காற்றினார். பாரிசின் ஈபெல் கோபுரத்துக்கு முதல் வரைபடத்தைப் போட்டவரும் அவரே; 1884ஆம் ஆண்டு சூன் மாதத்தில், உடன் பணியாற்றிய எமில் நூகியேயுடன் சேர்ந்து அந்தக் கருத்தை உருவாக்கினார். காப்புரிமையைக் குஸ்தாவ் ஈபெல் இவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டதால் கோபுரம் அவர் பெயரில் நிலைத்துவிட்டது. கல்கி பிறந்தது அந்த வரைபடத்துக்கு நூறாவது ஆண்டில். இந்தியாவில் ஜோயல் ஈடுபட்டதும் பொறியியல் வேலைதான். கல்லட்டியில் இருந்தபோது தொங்கு சறுக்கு வானூர்திகளையும் மிக இலகு ரக விமானங்களையும் வடிவமைக்கும் தொழிலைத் தொடங்கினார்.

புதுச்சேரியில் பிறந்த ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை கொண்டிருப்பது அந்த ஊரில் வியப்புக்குரிய செய்தி அல்ல. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அங்கிருந்த மக்களுக்கு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படித் தேர்ந்துகொண்டவர்களின் வழிவந்த தமிழர்கள் இன்றும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாழ்கிறார்கள். பிரான்சின் அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். தோற்றத்தில் தமிழர், கடவுச்சீட்டில் பிரெஞ்சுக்காரர். கல்கியின் நிலை வேறு வகை. கடவுச்சீட்டும் தோற்றமும் பிரான்சைச் சொல்ல, பிறந்ததும் வளர்ந்ததும் படித்ததும் இங்கே.

ஆரோவில், கல்லட்டி, உதகை

குழந்தைப் பருவத்தின் முதல் ஆண்டுகள் ஆரோவில்லில் கழிந்தன. புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட பன்னாட்டு நகரம் அது. அதை நிறுவிய 'அன்னை' மிர்ரா அல்பாசா பாரிசில் பிறந்தவர். நகரத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கரும் பிரெஞ்சுக்காரரே. தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுக் கலந்தார்கள். எந்த நாட்டுக்கும் உரியதாக இல்லாமல் உலகத்துக்கு உரியதாக இருக்கவேண்டும் என்பது அந்த நகரத்தின் அடிப்படைக் கொள்கை.

பின்னர் குடும்பம் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தது. உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் செங்குத்தான மலைப்பாதையில் இருக்கும் சிற்றூர் கல்லட்டி. கல்கி படித்தது உதகையின் எப்ரான் உறைவிடப் பள்ளியில். 1899இல் குன்னூரில் தொடங்கப்பட்ட கிறித்தவப் பள்ளி அது. நடிப்பிலும் எழுத்திலும் ஆர்வம் அங்கேயே தொடங்கியது. அவருக்குப் பதினைந்து வயதானபோது பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். தந்தை பெங்களூருக்குச் சென்றார்; கல்கி தாயுடனேயே தொடர்ந்து வாழ்ந்தார்.

இலண்டன்

பதினெட்டாம் வயதில் இலண்டன் சென்று கோல்டுஸ்மித்ஸ் கல்லூரியில் நாடகம் பயின்றார். படிப்புக்கு நடுவே வார இறுதிகளில் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். 'தியேட்டர் ஆப் ரிலேட்டிவிட்டி' என்ற நாடகக் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடக ஆசிரியர் மாரிவோவின் 'தி டிஸ்பியூட்' நாடகத்தில் நடித்ததும் அந்தக் காலத்தில்தான். எழுதிக்கொண்டே நடிப்பது என்ற பழக்கம் அங்கே ஏற்பட்டது. பின்னாளில் படங்களில் வாய்ப்புக் குறைந்த ஆண்டுகளில் அவருக்குத் துணைநின்றது இதுவே.

தேவ் டி (2009)

படிப்பு முடிந்து இந்தியா திரும்பிய கல்கி மும்பையில் நடிப்பு வாய்ப்புத் தேடினார். அனுராக் காஷ்யப் இயக்கிய 'தேவ் டி' அவருடைய முதல் படம். சரத் சந்திர சட்டோபாத்யாயாவின் 'தேவதாஸ்' நாவலை இன்றைய பஞ்சாபுக்கும் தில்லிக்கும் கொண்டுவந்த படம் அது.

1953இல் வந்த 'தேவதாஸ்' வழியாகத் தமிழருக்கு இந்தக் கதை நன்கு பழக்கமானது. அதில் நாகேஸ்வரராவ் தேவதாஸ், சாவித்திரி பார்வதி, திருவாங்கூர் சகோதரிகளுள் ஒருவரான லலிதா சந்திரமுகி. கல்கிக்குக் கிடைத்தது லலிதா ஏற்ற பாத்திரம். ஆனால் அடையாளமே தெரியாத அளவுக்கு மாற்றப்பட்டிருந்தது. பள்ளி மாணவியான லெனியின் அந்தரங்கக் காணொளி கைப்பேசிகளில் பரவுகிறது. தந்தை தற்கொலை செய்துகொள்கிறார். குடும்பம் கைவிட்ட நிலையில் அவள் தில்லியில் பாலியல் தொழிலுக்கு வந்து 'சந்தா' என்ற பெயரை ஏற்கிறாள். 2004இல் தில்லியைக் கலக்கிய உண்மை நிகழ்விலிருந்து எடுத்த கரு இது. நாவலின் சந்திரமுகி தேவதாசுக்காகத் தன் வாழ்க்கையையே மாற்றிக்கொள்பவள். சந்தாவோ பகலில் கல்லூரிக்குப் போகிறாள். தேவின் மீட்சிக்கும் காரணமாகிறாள். பழிசுமத்தப்பட்ட பெண்ணை இரக்கத்துக்குரியவளாக மட்டும் காட்டாமல், கசப்பும் கிண்டலும் உள்ளவளாகக் கல்கி நடித்திருந்தார். இந்தப் பாத்திரம் சிறந்த துணை நடிகைக்கான பிலிம்பேர் விருதை அவருக்குப் பெற்றுத்தந்தது.

வெள்ளைக்காரப் பெண் என்ற வேடம்

விருது கிடைத்ததே தவிர, அடுத்து என்ன வேடம் தருவது என்று இந்தித் திரையுலகம் குழம்பியது. இந்திப் படங்களில் வெள்ளைத் தோல் கொண்டவருக்கு நெடுங்காலமாகவே சில வேடங்கள்தாம் ஒதுக்கப்பட்டிருந்தன. முசூரியில் பிறந்து, உருதுவைத் தாய்மொழி போலப் பேசிய டாம் ஆல்டர் வாழ்நாள் முழுதும் ஆங்கிலேய அதிகாரியாக எத்தனை படங்களில் வந்தார் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பெண்களுக்கு அதைவிடக் குறைவான இடம்: கதாநாயகனின் வெளிநாட்டுத் தோழி, அல்லது பாடலில் ஆடுபவர்.

கல்கி இதற்குக் கண்ட வழி, தானே ஒரு பாத்திரத்தை எழுதிக்கொள்வது. காஷ்யப்புடன் இணைந்து எழுதிய 'தட் கேர்ள் இன் யெல்லோ பூட்ஸ்' 2010இல் பன்னாட்டுத் திரைப்பட விழாக்களில் இடம்பெற்று, 2011 செப்டம்பரில் இந்தியாவில் வெளிவந்தது. பதின்மூன்றே நாட்களில் படமாக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து தந்தையைத் தேடி மும்பைக்கு வரும் ரூத் என்ற பெண், வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் மசாஜ் நிலையமொன்றில் வேலை செய்கிறாள். விசாவை நீட்டிக்க அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள், கையூட்டுத் தருகிறாள், எதிர்ப்படும் ஆண்கள் ஒவ்வொருவரும் அவள் தோலின் நிறத்தைப் பார்த்தே அவளைப் பற்றி முடிவு செய்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரப் பெண்ணின் வேடத்தைத் தவிர்க்காமல், அந்தப் பார்வை அவளுக்குள் என்ன செய்கிறது என்பதை அவள் பக்கமிருந்து சொல்லிய படம். முடிவு கொடுமையானது, வசூலை எதிர்பார்த்து எடுத்த படமும் அல்ல. கல்கியின் திரைப்பணியைப் புரிந்துகொள்ள 'தேவ் டி'யைவிட இந்தப் படமே நல்ல தொடக்கம்.

அதே 2011இல் பிஜோய் நம்பியாரின் 'சைத்தான்', சோயா அக்தரின் 'சிந்தகி நா மிலேகி தோபாரா' ஆகியவை வந்தன. இரண்டாவதில் வருங்காலக் கணவனைச் சந்தேகத்தோடு பின்தொடரும் நடாஷாவாக நகைச்சுவை வேடம். 2012இல் திபாகர் பானர்ஜியின் 'ஷாங்காய்'. கிரேக்க எழுத்தாளர் வசிலிஸ் வசிலிகோசின் 'இசட்' நாவலைத் தழுவிய அரசியல் படம் இது.

2013இன் பெருவெற்றிப் படங்களுள் ஒன்றான 'யே ஜவானி ஹை தீவானி'யில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் அதிதி மெஹ்ரா. பெயரில், பேச்சில், திருமணச் சடங்கில் எல்லாவற்றிலும் வட இந்தியப் பெண். அவள் ஏன் வெள்ளையாக இருக்கிறாள் என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. இயக்குநர் அயன் முகர்ஜியும் விளக்கவில்லை. பார்வையாளரும் கேட்கவில்லை. நட்சத்திர மதிப்புள்ள ஒரு வணிகப் படம் செய்த இந்தச் சிறு காரியம், விமர்சனங்களில் அதிகம் பேசப்படவில்லை.

மார்கரீட்டா வித் எ ஸ்ட்ரா

சோனாலி போஸ் இயக்கிய இந்தப் படம் 2014 செப்டம்பரில் டொராண்டோ விழாவில் முதலில் காட்டப்பட்டு, 2015 ஏப்ரலில் இந்தியாவில் வெளியானது. மூளை முடக்குவாதம் உள்ள லைலா என்ற தில்லிக் கல்லூரி மாணவி நியூயார்க்குக்குப் படிக்கச் செல்கிறாள். அங்கே பார்வையற்ற கானும் என்ற பெண்ணைக் காதலிக்கிறாள். இயக்குநரின் ஒன்றுவிட்ட சகோதரியும் மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளருமான மாலினி சிப்பின் வாழ்க்கை படத்துக்குத் தூண்டுதல். கல்கி மாலினியோடு பழகி, பேச்சு வெளிவரும் விதத்தையும் கையும் கழுத்தும் அசையும் விதத்தையும் சக்கர நாற்காலியில் அன்றாட வேலைகள் நடக்கும் விதத்தையும் கற்றார்.

இந்தியப் படங்களில் உடற்குறை உள்ளவர் பெரும்பாலும் தியாகத்துக்கோ கண்ணீருக்கோ பயன்படுபவர். லைலாவுக்கு ஆசைகள் உண்டு. பொய் சொல்வாள், தவறு செய்வாள். பாட்டுக்குழுவின் போட்டியில் மாற்றுத்திறனாளி எழுதிய பாடல் என்பதற்காகப் பரிசு தருகிறார்கள் என்று தெரிந்ததும், அறிவித்த பெண்ணை நோக்கி மேடையிலேயே நடுவிரலைக் காட்டுகிறாள். மாற்றுத்திறனாளி வேடத்தை ஒரு மாற்றுத்திறனாளியே ஏற்கவேண்டாமா என்ற கேள்வி உலகெங்கும் இத்தகைய படங்களைத் தொடர்ந்து வருகிறது. அது இந்தப் படத்துக்கும் பொருந்தும். அதற்கு அப்பால், லைலாவின் மேல் இரக்கம் கோராத நடிப்பு இது என்பதில் விமர்சகர்கள் ஒத்துப்போனார்கள்.

லைலாவின் தாயாக நடித்தவர் ரேவதி. 'மண்வாசனை' (1983) மூலம் அறிமுகமாகித் தமிழகம் தன் மகளாகவே கொண்டாடிய நடிகை. தாயும் மகளும் சேர்ந்து வரும் காட்சிகளே படத்தின் உயிர். இருவருக்கும் தமிழ் தெரியும். படத்தில் பேசியது இந்தியும் ஆங்கிலமும்.

எஸ்தோனியாவின் தாலின் திரைப்பட விழாவில் கல்கிக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. 2016இல் அறிவிக்கப்பட்ட 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது வழங்கப்பட்டது. 'விசாரணை' சிறந்த தமிழ்ப் படமாகவும், 'தாரை தப்பட்டை'யின் பின்னணி இசைக்காக இளையராஜாவும் தேர்வான அதே ஆண்டு அது.

அடுத்து வந்தவை பெரும்பாலும் சிறு முதலீட்டுப் படங்கள். அனு மேனனின் 'வெயிட்டிங்' கொச்சி மருத்துவமனை ஒன்றில் நடக்கும் கதை. அதில் நினைவிழந்து கிடக்கும் கணவருக்காகக் காத்திருக்கும் பெண்ணாக நசிருதீன் ஷாவுடன் நடித்தார். கொங்கனா சென் சர்மாவின் 'எ டெத் இன் தி கஞ்ச்' ஆங்கிலோ இந்தியர்களின் குடியிருப்பான மெக்லஸ்கிகஞ்சில் நிகழ்வது. 'கல்லி பாய்' (2019), 'மேட் இன் ஹெவன்', 'சேக்ரட் கேம்ஸ்' இரண்டாம் பருவம் ஆகியவற்றிலும் அவரைக் காணலாம். 2023இல் வெளிவந்த 'கோல்ட்பிஷ்' படத்தில், மறதி நோய்க்கு ஆளாகும் தாயிடம் (தீப்தி நவல்) திரும்பிவரும் மகளாக நடித்தார்.

நாடகமும் எழுத்தும்

பிரசாந்த் பிரகாஷுடன் சேர்ந்து எழுதிய 'ஸ்கெலிட்டன் உமன்' நாடகத்துக்கு 2009ஆம் ஆண்டின் 'தி இந்து மெட்ரோபிளஸ்' நாடக ஆசிரியர் விருது கிடைத்தது. வடதுருவ இனுயிட் மக்களின் நாட்டார் கதையை அடியொற்றியது அது. மரணம் ஒரு மூதாட்டியின் வீட்டு வரவேற்பறைக்கு வந்து உட்கார்ந்து பேசும் 'தி லிவிங் ரூம்' நாடகத்தைத் தானே எழுதி இயக்கினார். ரஜத் கபூரின் 'மேக்பெத்' தழுவலிலும் நடித்தார்.

பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்து அவர் எடுத்த நிலை திரைக்கு வெளியே பலரை எட்டியது. 2013இல் வந்த 'இட்ஸ் யுவர் பால்ட்' என்ற காணொளி, வன்புணர்வுக்குப் பெண்ணின் உடையும் நேரமும் காரணம் என்று சொல்வோரின் பேச்சை அப்படியே சிரித்த முகத்துடன் திருப்பிச் சொல்லும் அங்கதம். 2016இல் வந்த 'பிரிண்டிங் மெஷின்' அவரே எழுதி நிகழ்த்திய கவிதை. பெண்களின் மீதான கொடுமை, அச்சு இயந்திரத்தின் தாள ஓசையில் பரபரப்புத் தலைப்பாக மாறுவதை அது சாடுகிறது.

2011இல் அனுராக் காஷ்யப்பை உதகையில் மணந்தார். 2015இல் மணவிலக்குப் பெற்றனர். 2020 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். தாய்மையை அளவுக்கு மீறிப் புனிதப்படுத்தும் பேச்சுக்கு மறுமொழியாக, கருவுற்ற காலத்தின் உடல் உபாதைகளையும் மனச்சோர்வையும் படங்களுடன் வெளிப்படையாகச் சொல்லும் 'தி எலிபென்ட் இன் தி உம்ப்' நூல் 2021இல் வெளிவந்தது.

தமிழில்

தமிழ்த் திரையுலகம் மொழி தெரியாதவர்களுக்குக் கதவை அடைத்ததே இல்லை. 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945) ஆகியவற்றை இயக்கிய அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலாந்திலிருந்து வந்த எமி ஜாக்சன் 'மதராசப்பட்டினம்' (2010) படத்தில் ஆங்கிலேயப் பெண்ணாக அறிமுகமாகி, 'ஐ' (2015), 'தெறி' (2016) படங்களில் இந்தியப் பெண்ணாகவே நடித்தார். ஆகவே, நிறம் இங்கே தடையாக இருந்தது என்று சொல்ல முடியாது. பின்னணிக் குரல் கலைஞர்கள் இருக்கும்வரை நடிகைக்குத் தமிழ் தெரிகிறதா என்ற கேள்வியே எழாததால், தமிழ் அறிந்த ஒரு நடிகையைத் தேடவேண்டிய தேவையும் எழவில்லை. கோடம்பாக்கத்தின் பழைய பழக்கம் இது. கல்கி மட்டும் அல்ல, தமிழ்நாட்டுப் பெண்கள் பலரும் இதனால் வாய்ப்பை இழந்திருக்கிறார்கள்.

கல்கி முதலில் தமிழ்ப் படத்தில் தோன்றியது 2019 ஆகஸ்டில், 'பிங்க்' இந்திப் படத்தின் மறுவாக்கமான 'நேர்கொண்ட பார்வை'யில். எச். வினோத் இயக்கிய அந்தப் படத்தில், யுவன் சங்கர் ராஜாவின் இசையில் அமைந்த 'காலம்' பாடலில் மட்டும் வந்துபோனார். 2020 டிசம்பரில் நெட்பிளிக்சில் வெளியான 'பாவக் கதைகள்' தொகுப்பில், விக்னேஷ் சிவன் இயக்கிய 'லவ் பண்ணா உட்றணும்' குறும்படத்தில் அஞ்சலியுடன் நடித்தார். ஆணவக் கொலையைக் கருவாகக் கொண்ட அந்தக் கதையில், சாதிப் பெருமை பேசும் ஊர்ப் பெரியவரின் வீட்டுக்கு மகளுடன் வெளியிலிருந்து வரும் தோழி வேடம் அவருக்கு.

அடுத்த தமிழ்ப் படம் 2025 பொங்கலுக்கு வெளிவந்தது. விஷ்ணுவர்தன் இயக்கிய 'நேசிப்பாயா' படத்தின் கதை பெரும்பகுதி போர்ச்சுகலில் நிகழ்கிறது. கொலைக் குற்றச்சாட்டில் சிக்கிய கதாநாயகிக்காக (அதிதி சங்கர்) வாதாடும் வழக்கறிஞராகக் கல்கி வருகிறார். அந்த வழக்கறிஞரின் பெயர் இந்திராணி.